கட்டைவிரலிலிருந்து

அந்தத் தாரைக் காலால் தள்ளாதீங்க தம்பி. ஒரு பழம் நசுங்கினாலும் நான் மனுசனாக இருக்க மாட்டேன், இப்பவே சொல்லிவிட்டேன். கண்டக்டரோடு போட்ட சண்டையைப் பார்த்தீங்கல்ல? வாழைத்தாருக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கணுமாம். "இது லக்கேஜ் இல்லய்யா, சாப்பாடு. ஒரு ஆளுக்குச் சாப்பாடு" என்றேன். முழுத்தாரும் ஒரு ஆளுக்கா என்று கேட்டுச் சிரிக்கிறான். ஆமாம், ஒரே ஆளுக்குத்தான். என் தங்கச்சிக்கு.

நீங்க எங்கே, காங்கேயமா? நான் அதற்கு முன்னாலேயே ஒத்தப்பனைப் பிரிவில் இறங்கிக்கொள்வேன். பத்து மணிக்கு அங்கே பஞ்சாயத்துப் பேச்சு இருக்கிறது. ஏழு பேர் உட்கார்ந்து பேசப்போகிறார்கள். அதில் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று அப்பன் வீட்டிலேயே இருந்துவிடும். என் மருமகள், தங்கச்சி மகள். தாரணி என்று பேர். கையில் மாவுக்கட்டோடு இருக்கிறாள்.

இருங்க, முதலிலிருந்து சொல்கிறேன். எனக்குக் கோபம் வந்தால் எல்லாம் முன்பின்னாகிவிடும்.

என் பேர் சென்னியப்பன். மாட்டுத் தரகர். வியாழக்கிழமைச் சந்தையில் பேரைச் சொல்லிப் பாருங்க. பாதிப்பேர் திட்டுவான், மீதிப்பேர் மாட்டை ஓட்டிக்கொண்டு என்னிடம் வருவான். திட்டியவனும் அடுத்த வாரம் வருவான். எனக்குப் பதிமூன்று வயதில் அப்பன் செத்தான், அம்மா அதற்கு முந்தின வருசம். படிப்பு மூன்றாம் வகுப்பு. மற்றதெல்லாம் மாடு உதைத்துச் சொல்லிக்கொடுத்தது. கையில் மூன்று வயதுத் தங்கச்சி. பூவாத்தாள். நான் பூவு என்று கூப்பிடுவேன்.

தோளில் கிடக்கிற இந்தத் துண்டைப் பார்க்கிறீங்களே, இதுதான் என் தொழில். விற்கிறவன் கையும் என் கையும் துண்டுக்கு அடியில் போய்விடும். விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவோம். நாலு விரலைப் பிடித்தால் ஒரு விலை, அதில் ஒன்றை விட்டால் இன்னொரு விலை. சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. துண்டுக்கு அடியில் தெரிந்துகொண்டதை வெளியே வாயால் சொல்லக் கூடாது. சொன்னவன் அப்புறம் சந்தைக்குள் கால் வைக்க முடியாது. இருபத்தேழு வருசத்தில் ஒருதரம்கூட நான் சொன்னதில்லை. அதனால் இந்த விரல்களுக்குக் கண் உண்டு, தம்பி. ஒரு கையைப் பிடித்தால் அவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

பூவு ஒரு மாதிரியான பிள்ளை. அவளுக்கு எந்தக் காயமும் தங்காது.

நீங்க நம்ப வேண்டாம். யாரும்தான் நம்புவதில்லை. அவளுக்கு ஐந்து வயதில் காது குத்தினோம். தாய்மாமன் என்று சொல்லிக்கொள்ள ஆள் இல்லை, நானே மடியில் வைத்துக்கொண்டேன். ஆசாரி குத்தித் தோடு போட்டார். சாயங்காலம் பார்த்தால் தோட்டை விழுங்கிச் சதை மூடிவிட்டது. உள்ளே கட்டியாகத் தட்டுப்படுகிறது. அறுத்து எடுத்தோம். அறுத்த இடமும் மூடிக்கொண்டது. மூன்று தடவை குத்தினோம். நாலாவது தடவைக்கு ஆசாரியைக் கூப்பிட்டால், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கும் அவள் காது மொட்டையாகத்தான் இருக்கும்.

அழுதாளா என்றா கேட்கிறீங்க? அழுதாள். காது குத்தினால் எந்தக் குழந்தைதான் அழாது? ஆனால் மூடிக்கொண்டதே! மூடிக்கொண்ட பிறகு என்ன இருக்கிறது அழுவதற்கு? அப்போது நான் அப்படித்தான் நினைத்தேன். பதினைந்து வயசு எனக்கு. யார் இருந்தார்கள் எனக்குச் சொல்ல?

தொழிலுக்கு வருகிறேன். முட்டுகிற காளையை எவனும் வாங்க மாட்டான். பாதி விலைக்கு வரும். அதை வாங்கிப் பழக்கி விற்றால்தான் என்னை மாதிரி கைமுதல் இல்லாதவன் மேலே வர முடியும். பழக்குவதற்கு ஒரே வழிதான். பத்து நாள் ஒரு ஆள் அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். முட்டினாலும் ஓடக் கூடாது. ஓடுகிறவனைத்தான் மாடு துரத்தும். நிற்கிறவனை முட்டி முட்டி அதற்கே அலுத்துப்போகும். அப்புறம் ஆட்டுக்குட்டி மாதிரி நிற்கும். ஆனால் எவன் நிற்பான்? முதல் காளைக்கு நான்தான் நின்றேன். ஒரு விலா போச்சு. நாற்பது நாள் படுத்துக் கிடந்தேன். ரெண்டு பேரும் பட்டினி.

அடுத்த காளைக்குப் பூவு நின்றாள்.

நான் நிற்கச் சொல்லவில்லை தம்பி. "நிக்கிறியா கண்ணு?" என்று கேட்டேன், அவ்வளவுதான். சொல்வதற்கும் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா? "செரிண்ணா" என்றாள். அவளுக்கு அப்போது பத்து வயது. சும்மா ஒன்றும் நிற்க வைக்கவில்லை. முட்டினால் ஒரு சீப்பு வாழைப்பழம், உதைத்தால் அரைச் சீப்பு என்று பேசி வைத்திருந்தோம். அவளே பேரம் பேசுவாள். "கொம்பு உள்ள போயிருச்சு, ஒன்றரைச் சீப்பு வேணும்" என்பாள். நான் சிரித்துக்கொண்டே கொடுப்பேன். காயம் மூட மூட அவள் உடம்பு சோறு கேட்கும். பானையோடு சாப்பிடுவாள். சாப்பிட்டுவிட்டுக் கட்டுத்தரையில் மாட்டுக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிவிடுவாள். பார்க்கிறவனுக்கு மாடும் பிள்ளையும் அவ்வளவு சிநேகிதம் என்று தோன்றும்.

சந்தையில் பெரிய பேர் வந்துவிட்டது. சின்னப் பிள்ளை கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் வர, ஆளுயரக் காளை பின்னால் வரும். "சென்னியப்பன் மாடா? கொழந்தை புடிச்சாலும் நிக்கும்" என்பார்கள். அந்தப் பேர்தான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது.

ஒரு செவலைக் காளை. அவளுக்குப் பன்னிரண்டு வயது. கயிற்றைக் கட்டைவிரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், மாடு வெட்டி இழுத்துவிட்டது. விரல் பின்பக்கமாகப் போய்விட்டது. நான் டீக்கடையில் இருந்தேன். ஓடிவந்து பார்த்தால் அதற்குள் சேர்ந்துவிட்டது. ஆனால் நேராகச் சேரவில்லை. அவள் எலும்புக்கு அவ்வளவு அவசரம். நமக்கு உடைந்தால் வைத்தியர் பிடித்து இழுத்து நேராக வைத்துக் கட்டுவார், அப்புறம்தான் சேரும். அவளுக்கு ஆள் வருவதற்குள், எப்படிக் கிடந்ததோ அப்படியே ஒட்டிக்கொள்ளும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தொட்டால் உள்ளே ஒரு முடிச்சு இருக்கும், கரும்புக் கணு மாதிரி.

"வேலை செய்யுதா?" என்றேன்.

மடக்கிக் காட்டினாள். "செய்யுதுண்ணா. வலிக்குது."

"செய்யுதுல்ல, அப்பறம் என்ன?"

அன்றைக்கு ரெண்டு சீப்பு கொடுத்தேன். அந்தச் செவலைக் காளைதான் எங்கள் வீட்டுக் கூரைக்கு ஓடு போட்டது.

வேண்டாங்க, கடலை எனக்கு வேண்டாம். பல் சரியில்லை.

பூவு கல்யாணம் தள்ளிக்கொண்டே போயிற்று. பேய் பிடித்த பிள்ளை என்று ஊரில் பேச்சு. இருபத்து நாலு வயதில் காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. சொந்தமாகத் தேங்காய்க் களம், நூறு பேருக்கு வேலை கொடுக்கிற குடும்பம். மாப்பிள்ளை பேர் குழந்தைவேலு. பேரைக் கேட்டதுமே எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் நான் ஒன்றும் மறைக்கவில்லை. மாட்டுக்குக் கெட்ட சுழி இருந்தால் நானே முடியை விலக்கிக் காட்டிவிட்டுத்தான் விலை சொல்வேன். அதே மாதிரி சபையில் எழுந்து நின்று சொன்னேன். "என்ற தங்கச்சிக்குக் காயம் தங்காதுங்க. அருவா பட்டாலும் ஒல கொதிக்கறதுக்குள்ள மூடிக்கும். இதைப் பேய்னு சொல்றாங்க, நான் வரம்னு சொல்றேன்."

மாப்பிள்ளையோட அப்பா, "அப்படின்னா ஆஸ்பத்திரிச் செலவே இல்லைன்னு சொல்லுங்க" என்றார்.

"ஆமாங்க மாமா. நாலு அடி அடிச்சாக்கூட அடையாளம் இருக்காதுங்க" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். ஒரு பேரம் படிய வேண்டுமானால் நடுவில் ஒருதரம் எல்லாரும் சிரிக்க வேண்டும், அது தொழில். பூவு அப்போதுதான் காபித் தட்டோடு வாசற்படியில் நின்றாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. வெட்கம் என்று நினைத்தேன்.

கல்யாணமாகி ரெண்டாம் வருசம் சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு குறை வந்தது. கேட்டால் சிரிப்பீங்க. என் தங்கச்சி ரொம்பச் சாப்பிடுகிறாளாம்! மூன்று ஆள் சோற்றை ஒருத்தியாகத் தின்கிறாளாம், அதுவும் தினமும் இல்லையாம், சில நாள் மட்டும். எனக்கு வந்தது பாருங்க கோபம். நூறு பேருக்குக் கூலி கொடுக்கிறவன் மருமகள் தட்டை எட்டிப் பார்க்கிறான்! மறுநாளே ரெண்டு மூட்டை அரிசியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அவர்கள் வாசலில் இறக்கினேன். "என்ற தங்கச்சி பசிக்கு நான் போடறனுங்க, நீங்க சிரமப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். வரும் வழியெல்லாம் எனக்கு அவ்வளவு பெருமை.

என்ன, அப்படிப் பார்க்கிறீங்க?

தெரியும். நீங்க நினைப்பது தெரியும். எதற்கு அவளுக்கு அப்படிப் பசிக்கும் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும் என்கிறீங்க. உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். எனக்கு உறைக்கவில்லையே!

அதற்கப்புறம் ஒருநாள் வந்தாள். தாரணி கைக்குழந்தை. "விரலை ஒடிக்கறாருண்ணா" என்றாள்.

"எங்கே, காட்டு."

ரெண்டு கையையும் நீட்டினாள். சுத்தமான கை. ஒரு கீறல் இல்லை, வீக்கம் இல்லை.

"என்ன புள்ள இது? ஒண்ணுமே இல்லியே?"

"எப்படிண்ணா இருக்கும்? உனக்குத் தெரியாதா?"

"புருசன் பொண்டாட்டின்னா நாலு வார்த்தை வரத்தான் செய்யும். கை நல்லாத்தானே இருக்குது?"

அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். அப்புறம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பஸ்ஸுக்கு நான்தான் ஏற்றிவிட்டேன். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. அதிலும் எனக்குக் கோபம்தான்.

எட்டு மாசத்துக்கு முன்னால் அவளே ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிவிட்டாள். தேங்காய்க் களத்தில் ஏழு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நான் போனேன். போகும் வழியிலேயே மாப்பிள்ளை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், ஊர் சிரிக்குதுங்க. இனி ஒரு வார்த்தை வராதுங்க. நீங்க அவளை எங்கூட அனுப்பி வெச்சிருங்க" என்றார். நானும் சரி என்று கையை அழுத்திக் கொடுத்துவிட்டேன். கை கொடுத்தால் கொடுத்ததுதான் எனக்கு.

சபையில் பெரியவர், பழனிக்கவுண்டர் என்று பேர், நல்ல மனுசன், "அடையாளம் ஏதாச்சும் காட்டு அம்மணி. வெறும் வாய்வார்த்தைக்கு நாங்க என்ன பண்றது?" என்று கேட்டார். பூவு எழுந்தாள். நேராக என்னிடம் வந்தாள். என் தோளிலிருந்து துண்டை உருவினாள். அத்தனை ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டிருக்க, என் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு, தன் வலது கையை என் கைக்குள் வைத்தாள்.

ஒரு பொம்பிளை துண்டு போட்டு நான் பார்த்ததில்லை. எவனோ சிரித்தான்.

நான் பிடித்துப் பார்த்தேன். பழக்கம், விரல் தானாகவே போகிறது. சுண்டுவிரலில் ரெண்டு முடிச்சு. மோதிரவிரலில் ரெண்டு. நடுவிரலில் ஒன்று, ஆள்காட்டி விரலில் ஒன்று. ஆறு. ஒவ்வொன்றும் கோணலாக ஒட்டியிருக்கிறது. மடக்க முடியாதபடி மடக்கி, அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தால்தான் எலும்பு அப்படி ஒட்டும். அப்புறம் கட்டைவிரல். அதில் ஒரு முடிச்சு.

அந்த முடிச்சு எனக்குத் தெரியும், தம்பி. அது என்னுடையது.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு பேரும் பார்த்தார்கள். "என்ன சென்னியப்பா, என்னமோ வெல பேசற மாதிரி நிக்கற?" என்றார் பழனிக்கவுண்டர். நான் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். "ஒண்ணுமில்லீங்க" என்றேன். "போய்ட்டு வா கண்ணு, மாப்ள வாக்குக் குடுத்திருக்காரு" என்றேன்.

நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க? துண்டுக்கு அடியில் தெரிந்ததை வெளியே சொல்லக் கூடாது. மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தாகிவிட்டது. ஆறைச் சொன்னால் ஏழாவது யாருடையது என்று ஒருத்தன் கேட்பானா மாட்டானா? கேட்பான். மாப்பிள்ளையே கேட்பார். "நீங்க பழக்கினதுதானுங்களே மச்சான்" என்பார். சந்தையில் என் பேர் என்ன ஆகும்?

இதெல்லாம் அப்போது யோசித்ததில்லை, இப்போது சொல்கிறேன். அப்போது வாயில் வந்தது "ஒண்ணுமில்லீங்க", அவ்வளவுதான்.

பத்து நாளைக்கு முன்னால் ஒரு போன். பூவு. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற அம்மா வீட்டிலிருந்து பேசுகிறாள். "தாரணிக்குக் கை ஒடஞ்சிருச்சுண்ணா."

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "இன்னுமா சேரல?" என்று கேட்டேன்.

"அவளுக்குச் சேராதுண்ணா. அவ என்னை மாதிரி இல்ல. எல்லாரையும் மாதிரி."

"எப்படிம்மா ஆச்சு?"

"ஸ்லேட்டை ஒடச்சுட்டான்னு கையைப் புடிச்சுத் திருப்புனாரு. வேணும்னு பண்ணலண்ணா. சத்தம் கேட்டதும் அவரே பயந்துட்டாரு. அவருக்கு அளவு தெரியாது. எங்கிட்டயே பழகிட்டாரில்ல."

எங்கிட்டயே பழகிட்டாரில்ல. இந்தப் பத்து நாளாக மாட்டைத் தொட்டால் அதுதான் காதில் கேட்கிறது. வியாழக்கிழமை சந்தைக்குப் போய்விட்டு ஒரு மாடும் முடிக்காமல் வந்தேன். எவன் கையையும் பிடிக்க மனசு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்குக் கட்டுப் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்ததும், பூவு அந்த வீட்டுக்குள் போகவில்லை. அப்படியே குழந்தையோடு கிளம்பிவிடப் பார்த்தாள். சம்பந்தி வீட்டார் விடவில்லை, குழந்தையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். கொப்பரைக் குவியலிலிருந்து விழுந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் குடும்பத்துப் பிள்ளை எங்கள் வீட்டில்தான் இருக்கும் என்கிறார்கள். பழனிக்கவுண்டர் மட்டும் ஒன்று சொல்லியிருக்கிறார். அவன் கை நீட்டுகிறவன் என்று தெரிந்த ஒரு ஆள் சபையில் வந்து சொல்லட்டும், பிள்ளையைத் தாயோடு அனுப்பிவிடுகிறேன் என்று. அந்தப் பேச்சுதான் இன்றைக்கு. தெரிந்த ஆள் யார்? நான்தான். என் விரல்தான்.

வருகிறேன் என்று நேற்று பூவிடம் போனில் சொன்னேன். உடனே, "துண்டு போட்டுக்கிட்டு வராதே" என்றாள்.

"ஏம்மா?"

"வாயால சொல்லணும். எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லணும்."

"செரி, சொல்றேன்."

"கட்டைவிரல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

நானும் பேசிப் பார்த்தேன். "கண்ணு, அவன் பண்ணுன ஆறைச் சொன்னாப் போதும் கண்ணு. குழந்தை வந்துரும். அது பழைய சங்கதி, அதை எதுக்குச் சபையில?" என்றேன். பேரம் படியவில்லை. "செரி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், சுண்டுவிரல்ல இருந்து ஆரம்பிக்கறேன். கடைசியாக் கட்டைவிரலும் வந்துரும்ல" என்றேன். கடைசியில் வரும்போது சபை எழுந்து பேசிக்கொண்டிருக்கும், யார் காதிலும் விழாது. இருபத்தேழு வருசம் பேரம் பேசியவன் கணக்கு அது.

அவளுக்கா தெரியாது? என்னோடேயே சந்தையில் வளர்ந்தவள்.

"பயமா இருக்குதாண்ணா?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை. சின்ன வயதில் நான் அவளைக் கேட்பேனே, அதே மாதிரி. "ஓடாம நில்லு. அவங்க முட்டி முட்டி அலுத்துப்போவாங்க."

அது நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது, தம்பி. வார்த்தை மாறாமல் நான் சொன்னது.

என்ன ஸ்டாப் இது? சரி, அடுத்ததுதான் ஒத்தப்பனை. கண்டக்டர்! பிரிவில் நிறுத்துங்க. தார் இருக்குது, தாண்டிப் போய் இறக்கிவிடாதீங்க!

நீங்க சொல்லுங்க. உங்களுக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை, வழியில் பார்த்தவர். சுண்டுவிரலிலிருந்து எண்ணினால் என்ன? ஏழு ஏழுதானே? எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் ஏழுதானே?

கேட்டவுடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறீங்க. சரிதான்.

அதோ, புளியமரத்தடியில் பச்சைச் சேலையில் நிற்கிறாளே, அவள்தான். இளைத்துப்போய்விட்டாள். துண்டு வேண்டாம் என்று அத்தனை தடவை சொன்னாள். நான் போடக் கூடாது என்றுதான் கிளம்பினேன், கை தானாகப் போட்டுவிட்டது. பிடிங்க, இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்க. வேர்வை துடைக்க ஆகும். நல்ல துண்டுதான், வேண்டாம் என்று சொல்லாதீங்க, எனக்குக் கோபம் வரும்.

அந்தத் தாரை மட்டும் கொஞ்சம் தூக்கி என் தோளில் வையுங்க. இந்தப் பக்கம் இல்லை, துண்டு கிடந்த பக்கம். பாருங்க தம்பி, அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தோளைத்தான் பார்க்கிறாள்.